ஆறுமுகப்பெருமாளின் நாலு புள்ளி இரண்டு புள்ளி இரண்டு

நெடுவரம்பு ஆறுமுகப்பெருமாளைத் தெரியாதவர்கள் தோவாளைத் தாலுகாவில் யாராவது இருந்தால் அது அவர்களுடைய குறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த மனுஷன். வடசேரியில் சைக்கிள் கடை, பிறகு பம்ப்செட் ரிப்பேர், பிறகு சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இன்றைக்கு அவர் எழுதிய சாப்ட்வேரைச் சிங்கப்பூரில் இருக்கிறவன் காலையில் எழுந்ததும் திறந்து பார்க்கிறான். காலேஜுக்குப் போய்ப் பட்டம் வாங்கி அதைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் எத்தனையோ பேர் இந்த ஜில்லாவில் உண்டு. அவர்கள் எழுதியதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

சார்ஜாவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. ரிப்பேர் செய்யப் போனவர், ஏ.சி. சரியான பிறகும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கித் தான் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குக் கொண்டுபோனார். தட்டித் தட்டிப் பார்த்துக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இதற்கும் பம்ப்செட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எங்கேயோ அடைத்திருக்கும். அடைப்பை எடுத்தால் ஓடும்.

அந்தக் கேம்பில் இரண்டு வருஷத்துக்கு ஒருதரமாவது ஒரு சண்டை நடக்கும். சித்திரை ஒன்று இன்றைக்கு என்பான் தமிழன். விஷு நாளைக்கு என்பான் மலையாளி. சமையல்காரன் இரண்டு நாளும் பாயசம் வைத்து அலுத்துப்போய், எவனாவது ஒரு முடிவு சொல்லுங்கடா என்று கரண்டியைத் தூக்கி எறிந்தான். ஆறுமுகப்பெருமாள் ஒரு முடிவும் சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற மாதிரி ஒரு நாட்காட்டி எழுதினார். அதுதான் 'நல்லநாள்'.

ஊருக்குத் திரும்பியதும் அதை இன்டர்நெட்டில் திறந்து போட்டுவிட்டார். உள்ளே இருக்கிற யந்திரத்தையே திறந்து காட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பழுது கண்டால் சொல், உனக்குத் திருத்தத் தெரிந்தால் திருத்தி அனுப்பு என்று விடுவதற்குப் பெயர் ஓப்பன் சோர்ஸ். பைசா கிடையாது. அவர் மனைவி உலகம்மாளுக்கு இந்தக் கணக்கு மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

"ஒலகத்துக்கெல்லாம் சும்மா ரிப்பேர் பாத்துக் குடுக்கியோ. அடுக்களைக் கொழாயில வாஷர் மாத்த மட்டும் ஆளு தேடுகேன்" என்பாள்.

"கொழாய்க்கு ஆயிரம் பேரு உண்டு. இதுக்கு நான் ஒருத்தன்தான்" என்பார் அவர்.

முழுக்க ஒருத்தன் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜின்சி இருக்கிறாள். கருங்கல் பக்கம் வீடு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், நாற்பது வயதுக்காரி, வாயும் நீளம். சில வருஷத்துக்கு முன்னால், முன்பின் தெரியாத ஆறுமுகப்பெருமாளுக்கு அவள் இப்படி எழுதினாள்: 'எனக்க அப்பன் கும்ப மாசம் பாத்துதான் சேனை நடுவாரு. ஒங்க புரோகிராம் ஒரு நாளு பிந்திக் காட்டுது. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான். ஆனா சேனைக்கு அது தெரியாதுல்லா?' எழுதியதோடு நிற்காமல் திருத்தத்தையும் கூடவே அனுப்பியிருந்தாள். திருத்தம் சுத்தமாக இருந்தது. அன்றைக்கே, புதியதை வெளியே விடுவதற்கான இரண்டாவது சாவியை அவளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு வழக்கம். புது வெர்ஷன் எதுவானாலும் ஒருத்தர் செய்ய வேண்டும், மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வெளியே போக வேண்டும்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

உலகம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னாள்.

"இங்க பாருங்கோ, கொடைக்கு லீவு எழுதிக் குடுக்கணும்னு மெட்ராஸ்லேருந்து சிவப்ரியா கூப்பிட்டா. நான் மே பதினாலுங்கேன். ஒங்க மவ ஏழுங்கா. அப்பாக்க நல்லநாளு போன்ல அப்படித்தான் காட்டுகுன்னு ஒரே பிடியா நிக்கா."

"போன்ல இருந்தா ஏழுதான்."

"அப்போ சொவத்துல இருக்கது?"

நெடுவரம்பு வீடுகளில் சுவரில் இரண்டு கலண்டர் தொங்கும். தமிழ்க் கலண்டர் ஒன்று, மலையாளக் கலண்டர் ஒன்று. கல்யாணம், வளைகாப்பு எல்லாம் தமிழ்க் கணக்கு. அம்மன் கோயில் காரியம் மட்டும், இந்தப் பகுதியை மலையாள ராஜா ஆண்ட காலத்திலிருந்து மலையாளக் கணக்கு. தமிழுக்குச் சித்திரை, மலையாளத்துக்கு மேடம். மேட மாதத்துக் கடைசிச் செவ்வாயில்தான் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. இது இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

"அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

"ஆமா, இத்தன லட்சம் அடிச்சவன் தப்பு. நீங்க ஒருத்தரு சரி" என்று துண்டை உதறிவிட்டுப் போனாள்.

அவர் சிரித்துக்கொண்டுதான் உள்ளே பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சங்கதி இதுதான். சூரியன் ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குப் போகிற நேரம்தான் மாதப் பிறப்பு. அந்த மே பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, சூரியன் தாண்டுவது சாயங்காலம். இருட்டுவதற்கு முன்னால் தாண்டிவிட்டால் அன்றைக்கே மாதம் ஒன்று என்பது தமிழ்க் கணக்கு. உச்சி சாய்ந்த பிறகு தாண்டினால் மறுநாள்தான் ஒன்று என்பது மலையாளக் கணக்கு. ஆகவே தமிழுக்கு அந்தச் செவ்வாய் வைகாசி பிறந்துவிட்டது. மலையாளத்துக்கு அது இன்னும் மேடத்தின் கடைசி நாள். கொடை பதினாலில். உலகம்மாள் சொன்னது சரி.

போன் ஏன் ஏழு என்றது? ஜனவரியில் நாலு புள்ளி இரண்டு என்று ஒரு பெரிய வெர்ஷன் விட்டிருந்தார். அதில், போன் இருக்கிற இடம் தமிழ்நாடு என்றால் இரண்டு பத்திக்கும் தமிழ்க் கணக்கையே பிடி என்று ஒரு வரி இருந்தது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எவன் மலையாளக் கணக்குப் பார்க்கப் போகிறான் என்று நினைத்து அந்த வரியை எழுதியவர் வேறு யாரும் இல்லை. தோவாளைத் தாலுகாவில், இரண்டு கலண்டர் தொங்கும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஆறுமுகப்பெருமாளே எழுதியது.

"சவம்!" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் சவத்தை விடு என்று மெள்ளத் திருத்தியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடைக் கமிட்டிக் கூட்டம். கமிட்டிச் செயலாளர் ஹரிகுமார், உலகம்மாளின் தம்பி. போன வருஷக் கொடையில் ஆறுமுகப்பெருமாள் மைக்கைப் பிடித்து, 'இனிமே நோட்டீஸ் தேதிக்கு ஒருத்தரையும் கேக்கண்டாம், போனைத் தொறந்தாப் போதும்' என்று முழங்கியிருந்தார். சரி அத்தான், அப்படியே ஆகட்டும் என்று ஹரிகுமார் அதைத் தீர்மானமாகவே எழுதிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் போனைத் திறப்பான். ஏழு என்று வாசிப்பான். அப்படியே அச்சுக்குப் போனால் அம்மனுக்குத் தப்பான செவ்வாயில் கொடை. நடுவில் யாராவது கண்டுபிடித்தால் மைக்கில் முழங்கியவரின் மானம் போகும். அதுவும் ஹரிகுமார் கையில் போகும். இப்படி ஒரு சங்கதி கிடைத்தால் அவன் அதைப் பென்ஷன் மாதிரி மாதா மாதம் எடுத்து அனுபவிப்பான்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருத்தருக்கும் தெரியாமல் எல்லாருடைய போனிலும் ஏழு பதினாலாக வேண்டும். பெரிய வெர்ஷன் விட நேரமும் இல்லை, தேவையும் இல்லை. பழுது பார்க்க மட்டும் விடுகிற சின்ன ரிலீஸ் போதும். அதற்குக் கடைசி எண் மட்டும் மாறும். நாலு புள்ளி இரண்டு போய், நாலு புள்ளி இரண்டு புள்ளி ஒன்று.

இந்தச் சின்ன ரிலீஸுக்கு ஒரு தர்மம் உண்டு. உடைந்ததைச் சரிசெய்யலாம். புதிதாக ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. காலையில் எழுந்து போனைப் பார்க்கிறவனுக்கு நேற்று இருந்தது நேற்று இருந்த இடத்தில் இருக்க வேண்டும், தப்பு மட்டும் காணாமல் போயிருக்க வேண்டும். ஆறுமுகப்பெருமாள் இதில் படு கறார். ரிப்பேருக்கு வந்த பம்ப்செட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறவனை மெக்கானிக் என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

அப்படி இருக்க, அன்று மத்தியானமே ஹரிகுமார் போனில் வந்தான்.

"அத்தான், ஏதோ புதுசா விடப் போறியளாம்? அக்கா சொன்னா."

"ஒங்க அக்காவுக்கு வேற சோலி இல்ல. சும்மா சின்ன ரிப்பேர்."

"என்ன ரிப்பேர்?"

"சொன்னா ஒனக்கு வெளங்காது."

"சரி, விடுகதுதான் விடுகியோ, தொறந்த ஒடனே நம்ம அம்மன் படம் வரட்டும். கீழ கமிட்டி மெம்பர் பேரெல்லாம் வரிசையா ஓடட்டும். செயலாளர் பேரு கொஞ்சம் பெருசா."

"ஏலே, சிங்கப்பூர்க்காரன் ராகுகாலம் பாக்கத் தொறக்கான். அவன் என்னத்துக்கு ஒன் பேரப் பாக்கணும்?"

"பாத்தா என்ன, கண்ணு அவிஞ்சா போவும்?"

"இதுல புதுசு ஒண்ணும் கெடையாது. போன வை."

வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். அந்த ஒரு வரியை அப்படியே பிடுங்கி எறிந்தார். திறந்து பார்த்தார். மே பதினாலு. மேடம் கடைசி. மீசையைத் தடவிக்கொண்டு ஜின்சிக்கு அனுப்பிவிட்டுக் காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, எதைப் பிடுங்கினிய?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஒங்க ஊருக்கு நல்லா இருக்கு. தஞ்சாவூரு பூரா செவப்பு. மதுர பாதி செவப்பு."

அவர்கள் வைத்திருந்த சோதனை அப்படி. பழைய வருஷங்களில் எந்த ஊரில் எந்த மாதம் என்றைக்குப் பிறந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றையெல்லாம் கம்ப்யூட்டரே ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். தப்பினது சிவப்பாக எரியும். ஆறுமுகப்பெருமாள் அவசரத்தில் அந்தச் சோதனையை ஓட்டவே இல்லை. ஜனவரியில் பழைய பிடியை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைத்தான் நம்பியிருந்தார். அதைப் பிடுங்கியதும் தமிழ்க் கணக்குக்கு இருந்த பிடியும் சேர்ந்து போய்விட்டது. நெடுவரம்பு அம்மனைக் காப்பாற்றப் போய், சோழநாட்டுக்கே வைகாசியைத் தள்ளிவைத்துவிட்டார்.

"அது ஒரு ஓரத்துல கெடக்க வரி மக்ளே. இப்பிடி இழுத்துட்டுப் போகும்னு யாரு கண்டா?"

"நீங்க எழுதினதுதானே? பிடுங்காண்டாம். தமிழ்ப் பத்திக்கு மட்டும் அது இருக்கட்டும். மலையாளப் பத்தி எங்க இருந்தாலும் மலையாளக் கணக்கு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அரை வரி வேலை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் பச்சை. கூட்டத்துக்கு இன்னும் இடைவெளி இருந்தது. அவருக்குப் பாட்டு வந்தது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் என்ன திருத்தினோம் என்று ஒரு குறிப்பு எழுதி எல்லாரும் பார்க்கப் போட வேண்டும். அதையும் எழுதி அனுப்பினார். இரண்டே சொல். 'சிறு திருத்தங்கள்.'

ஜின்சி மறுபடி கூப்பிட்டாள்.

"இது என்ன குறிப்பு அண்ணாச்சி? ஊறுகாய்ப் பாட்டில்ல கூட இதவிட நெறைய எழுதியிருப்பான்."

"சின்னத் திருத்தம்தானே? பொய்யா சொன்னேன்?"

"ஜனவரிலேருந்து தப்பாக் காட்டியிருக்கு. அதப் பாத்து எவன் எவன் என்னென்ன நாளு குறிச்சு வச்சிருக்கானோ? நாம சொன்னாத்தானே திரும்பிப் பாப்பான்?"

"நம்ம ஊரு ஒண்ணுதான் மக்ளே இந்தக் கோலம். அத நான் பாத்துக்கிடுகேன்."

"ஒங்க ஊரு ஒண்ணுதான்னு யாரு சொன்னா? எந்த மாசம், எந்தக் கணக்கு, யாருக்கு, எல்லாம் எழுதுங்க. அதுவரைக்கும் நான் சரி சொல்ல மாட்டேன்."

"நீ சரி சொல்லலன்னா?"

"நீங்க பெரிய ஆளுல்லா. ஒங்க இஷ்டம்."

இஷ்டம் என்று சொன்னதை ஆறுமுகப்பெருமாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் வாழ்க்கையில் முன்னுக்கு வந்த மனுஷன். சைக்கிள் கடை வைக்கும்போது யாரைக் கேட்டார்? சார்ஜாவுக்குப் போகும்போது யாரைக் கேட்டார்? முதல் சாவி அவருடையது. 'சிறு திருத்தங்கள்' என்ற அந்தக் குறிப்போடு பொத்தானை அமுக்கிவிட்டார். நாலு புள்ளி இரண்டு புள்ளி ஒன்று உலகத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

சனிக்கிழமை காலையில் உலகம்மாளின் போனை எடுத்துப் பார்த்தார். ஏழு.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஏழு. பால்காரர் வந்தார். அவர் போனை வாங்கிப் பார்த்தார். ஏழு. பால்காரர் போனைத் திருப்பி வாங்கி, இவர் என்ன பார்த்தார் என்று அவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போனார்.

ஒவ்வொரு போனும் காலையில் ஒருதரம், என்னிடம் இருக்கிற எண்ணைவிடப் பெரிய எண் வந்திருக்கிறதா என்று போய்க் கேட்கும். வந்திருந்தால் தானாக இறக்கிக்கொள்ளும். ஆறுமுகப்பெருமாள் இன்டர்நெட் வாசலில் புது எண்ணை எழுதினார். ஆனால் உள்ளே, யந்திரத்தின் நெற்றியில் ஒட்டியிருக்கிற எண்ணை மாற்றவில்லை. அது நாலு புள்ளி இரண்டாகவே இருந்தது. ஓகோ, நம்மிடம் இருப்பதுதான் இது என்று உலகத்திலுள்ள எல்லாப் போனும் திரும்பிப் படுத்துவிட்டன. அந்த எண்ணை மாற்றுவது எப்போதும் ஜின்சியின் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே இவருக்கு மறந்து போயிருந்தது.

வெளியே போன எண்ணைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்தவும் கூடாது. யாராவது எடுத்திருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு ஆள் ஊரில் நடமாடினால் என்ன குழப்பமோ அந்தக் குழப்பம் வரும். அடுத்த எண்தான் விட வேண்டும். இந்த முறை முறையாக விட வேண்டும்.

ஜின்சியைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும் சிரித்தாள். அதிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது.

"பாத்தேன் அண்ணாச்சி. கொள்ளாம். மாப்பிள்ளைய விட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கு."

"கிண்டல் பண்ணாத மக்ளே. இன்னைக்குள்ள அடுத்தத விட்டாத்தான் நாளக்கிக் காலைல போனெல்லாம் இறக்கும்."

"எனக்கு மலமாதிரி துணி துவைக்கக் கெடக்கு. குறிப்பு எழுதியாச்சா?"

"எழுதுகேன்."

"யாரு தப்புன்னும் எழுதுங்க."

"அது எதுக்கு? எவனும் கேக்க மாட்டான்."

"எழுதலன்னா எனக்க பேரும் அதுல கெடக்குல்லா? நான் செய்ததுன்னு நெனைப்பான். எனக்கு மானம் இல்லியா?"

நெடுவரம்பில் எவன் இந்தக் குறிப்பையெல்லாம் வாசிக்கப் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஹரிகுமார் தன் பெயர் இல்லாத எதையும் வாசிக்க மாட்டான். தைரியமாக உட்கார்ந்து எழுதினார்.

'வெர்ஷன் 4.2.2. பழுது நீக்கம் மட்டும். புதுசு எதுவும் கிடையாது, தேட வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மலையாளக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு, மாதம் பிற்பகலில் பிறக்கும்போது ஒரு நாள் முந்திக் காட்டியது. ஜனவரியிலிருந்து இப்படி. மாதக் கடைசியில் விசேஷம் குறித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மறுபடி பார்க்கவும். வெறும் தமிழ்க் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

இந்தத் தப்பைச் செய்தது ஆறுமுகப்பெருமாள். கண்டுபிடித்தது உலகம்மாள். திருத்தியது இரண்டு பேர்.

4.2.1 என்று ஒன்று உண்டு. அதை எடுக்க வேண்டாம். அதற்கே அதன் பெயர் தெரியாது.'

ஜின்சி வாசித்தாள். சோதனையை ஓட்டினாள். நெற்றி எண்ணை மாற்றினாள். எல்லாம் பச்சை. "இப்போ அமுக்குங்க" என்றாள். அமுக்கினார். அவள் துணி துவைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மாளின் போனில் பதினாலு. பால்காரர் போனிலும் பதினாலு. ஆறுமுகப்பெருமாள் கஞ்சி முறுக்கு கலையாத வேட்டி கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனார். பிளாஸ்டிக் நாற்காலியில் முதல் வரிசை. கையில் சாயா. பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம். ஹரிகுமார் மைக்கைத் தட்டினான்.

"போன வருஷத் தீர்மானப்படி, நம்ம அத்தானுக்க நல்லநாள் என்ன சொல்லுகோ அதுதான் நோட்டீஸ்ல தேதி. எல்லாரும் பாத்துக்கிடுங்க, தொறக்கேன்."

திறந்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தான்.

"மே மாசம் ஏழாந்தேதி, செவ்வாக்கிழம."

ஆறுமுகப்பெருமாள் வாய்க்குக் கொண்டுபோன சாயாவைக் கீழே இறக்கினார். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. எனக்குப் பதினாலுல்லா காட்டுது என்றது ஒரு குரல். எனக்கும் பதினாலு, எனக்கும் என்று பெண்கள் பக்கத்திலிருந்தும் போன்கள் உயர்ந்தன. மண்டபம் முழுக்கப் பதினாலு. ஹரிகுமார் கையில் மட்டும் ஏழு. குட்மார்னிங் படங்களாக வந்து குவிந்து போனில் இடமில்லாமல் போனதால், தானாக எதுவும் இறங்காதபடி அவன் ஜனவரிக்குப் பிறகு எப்போதோ அடைத்து வைத்திருந்தான்.

கொடைக்குப் பந்தல் போடுகிற பொன்னுலிங்கம் எழுந்து நின்றார். மைக் இல்லாமலே மலைவரைக்கும் கேட்கிற தொண்டை.

"என்ன வே செயலாளரே, ஒம்ம போனு கள்ளு குடிச்சிருக்கா?"

மண்டபம் சிரித்தது. ஹரிகுமாரின் காது சிவந்தது. போனைக் கையில் தட்டினான், வேட்டியில் துடைத்தான், மறுபடி பார்த்தான். ஏழுதான். அத்தானைப் பார்த்தான்.

ஆறுமுகப்பெருமாள் கூரையைப் பார்த்தார். இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை அவர் ஆயுளில் வருமா? தேதி சரியாகிவிட்டது. அம்மனுக்குக் குறை இல்லை. தப்பு நடந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. போதாததற்கு ஹரிகுமார் ஊர் நடுவில் நின்று முழிக்கிறான். வாயை மூடிக்கொண்டு சாயாவைக் குடித்தால் போதும். குடித்தார். இனிப்பாக இருந்தது.

பொன்னுலிங்கம் விடவில்லை.

"போன் என்ன வே செய்யும்? இவ்ளோ பெரிய தப்பு, ஒரு மாசத்தையே சுருட்டி வைக்குத தப்பு, சும்மா வராது. அதுக்குன்னு ஒரு தலை வேணும். எங்க ஹரிக்க தலைய மாதிரி ஒரு தலை!"

"அது பின்னே? செயலாளர்னா சும்மாவா?" என்றது இன்னொரு குரல். கைதட்டல்கூட எழுந்தது.

ஆறுமுகப்பெருமாளுக்கு இனிப்பு போய்விட்டது. சூரியன் ராசி தாண்டுவதைக் கணக்குப் போட்டு, இரண்டு நாட்டு வழக்கத்தையும் உள்ளே வைத்து, அதற்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி விழுந்த தப்பு. சிங்கப்பூர்வரைக்கும் போயும் ஒருத்தன் கண்ணிலும் படாத தப்பு. அதை, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஹரிகுமார் தலையில் கட்டுகிறார்கள். கட்டுவதோடு கையும் தட்டுகிறார்கள்.

சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"பொன்னுலிங்கம், நிறுத்தும் வே! அந்தத் தப்பு இவனுக்கெல்லாம் செய்ய வராது."

கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது நான் செய்தது. ஜனவரி மாசம், எனக்க வீட்டுல, எனக்க கையால செய்தது. இவன் போனு சரியாத்தான் காட்டுகு, நான் செய்த தப்ப அப்படியே காட்டுகு. ஏலே ஹரி, மைக்கத் தா."

ஹரிகுமார் வாயைப் பிளந்துகொண்டு மைக்கைக் கொடுத்தான். ஆறுமுகப்பெருமாள் தன் போனைத் திறந்து குறிப்பை உரக்க வாசித்தார். வாசித்ததோடு விடாமல், சூரியன் எப்போது தாண்டும், தமிழன் என்ன சொல்வான், மலையாளி என்ன சொல்வான், இந்த இரண்டுக்கும் நடுவில் நெடுவரம்புக்காரன் எப்படி நிற்கிறான் என்று எல்லாவற்றையும் விளக்கினார். தப்பைச் செய்தது ஆறுமுகப்பெருமாள் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். கண்டுபிடித்தது உலகம்மாள் என்ற வரி வந்ததும் பெண்கள் பக்கம் பொங்கியது. உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ போன வருஷம், ஒருத்தரையும் கேக்கண்டாம், போனைத் தொறந்தாப் போதும்னு இதே மைக்ல சொன்னது யாரு அத்தான்?" என்று ஹரிகுமார் கேட்டான். அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது.

"நான்தான் சொன்னேன். ஏலே, ஒங்க அக்காவைக் கேக்கண்டாம்னு சொன்னேனா?"

சிரிப்பு ஓய நேரமாயிற்று. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஜின்சியிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். அதுவும் பழைய ராஜா காலத்துக் கணக்கை விடாத கோயில். அவர்களும் மேடக் கடைசிக்கு ஒரு பூஜை குறித்திருந்தார்களாம். குறிப்பைப் பார்த்துவிட்டு, நல்லவேளை சொன்னீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அடியில் ஜின்சி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாள். 'ஒங்க ஊரு ஒண்ணுதானா அண்ணாச்சி?'

செங்கோட்டைச் செய்தியை மைக்கில் வாசித்தார். ஜின்சியின் வரியை வாசிக்கவில்லை. மைக்கை யாருக்கும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கடைசியில் பொன்னுலிங்கம் எழுந்து வந்து வாங்க வேண்டியதாயிற்று.

"ஒம்ம பெருமைய நாளைக்கி வச்சுக்கிடும் வே. எனக்குப் பந்தக்காலு எந்தச் செவ்வான்னு சொல்லும், போதும்."

"பதினாலு" என்றார்கள் பெண்கள் பக்கத்திலிருந்து, ஒரே குரலில்.

தீர்மானம் ஆயிற்று. ஹரிகுமாரின் போனிலிருந்து குட்மார்னிங் படங்களைக் கூட்டித் தள்ளி, ஆறுமுகப்பெருமாளே புது வெர்ஷனை இறக்கிக் கொடுத்தார். பிறகு நோட்டீஸில் தேதிக்குப் பக்கத்தில் எந்த வெர்ஷன் பார்த்துக் குறித்தது என்று எண்ணையும் போட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். கொடை நோட்டீஸில் எந்த ஊரில் அப்படிப் போட்டிருக்கிறான் என்று ஹரிகுமார் கத்தினான். அதனால்தான் போட வேண்டும் என்று இவர் கத்தினார். கமிட்டி ஓட்டெடுத்து, போட வேண்டாம் என்று முடிவு செய்தது.

நோட்டீஸ் வந்தது. மஞ்சள் காகிதம், நடுவில் அம்மன் படம், மே பதினாலு, மேடம் கடைசிச் செவ்வாய் என்று சிவப்பில் கொட்டை எழுத்து. செயலாளர் பெயர் அவன் ஆசைப்பட்டபடியே பெரிதாக. எல்லாம் ஒழுங்கு. அடியில், அச்சகத்து முகவரிக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில் 4.2.2 என்று இருக்கிறது. அச்சகத்துக்குப் போய் அதைச் சொன்னது யார் என்று கமிட்டி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.